அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் பாடப்புறச் செயல்பாடுகள்: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்றால் ப்ளஸ் டூ மார்க், 200-க்கு கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சிலிங். பெண் நன்றாகப் பாடுவாள், பையன் நன்றாகச் செஸ் ஆடுவான் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒரு சின்ன வாசல் உண்டு, அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு வந்து பிள்ளையை ஹை ஸ்கூலில் சேர்த்த கொஞ்ச நாளிலேயே வேறு பேச்சு காதில் விழும்: "மார்க் மட்டும் பத்தாது, ஆக்டிவிட்டீஸ் வேணும்." உடனே பதற்றம் தொற்றிக்கொள்கிறது. ரோபாட்டிக்ஸ், டிபேட், வயலின், வாலண்டியரிங் என்று வாரத்தின் ஏழு நாளும் நிரம்பிவிடுகின்றன. பிள்ளை களைத்துப்போகிறது. எதற்காக இதையெல்லாம் செய்கிறோம் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த ஒன்றிரண்டு விஷயங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் நின்று வேலை செய்வதுதான் விண்ணப்பத்துக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படித் தொடங்குவது, எப்படிக் குறித்து வைப்பது, விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரி இதைப் பார்க்கிறதா?

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். அமெரிக்காவில் எல்லாக் கல்லூரிகளும் பாடப்புறச் செயல்பாடுகளைப் பார்ப்பதில்லை. கம்யூனிட்டி காலேஜ்கள் ஹை ஸ்கூல் முடித்த யாரையும் சேர்த்துக்கொள்கின்றன. கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் பெரும்பாலான வளாகங்கள் கட்டுரையோ பரிந்துரைக் கடிதமோ கேட்பதில்லை. எடுத்த பாடங்களும் ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண்ணும்தான் முக்கியம். டெக்சஸில், வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997-ல் சட்டம் வந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் இறுக்கம்: 2026 இலையுதிர் காலத்தில் சேர்கிறவர்களுக்கு அது முதல் 5 சதவீதம். ஆனால் அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறதே தவிர, கேட்ட துறையில் இடம் தருவதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி போட்டி அதிகமுள்ள துறை வேண்டுமென்றால் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளும் கணக்கில் வரும்.

ஒரு குறிப்பிட்ட கல்லூரி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் "காமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரியின் பெயரோடு இந்தச் சொற்களையும் சேர்த்துக் கூகுளில் தேடினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். அதில் சி7 என்ற பகுதிக்குப் போங்கள். பாடத்திட்டத்தின் கடினம், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரை, பாடப்புறச் செயல்பாடுகள், திறமை, குணநலன், தன்னார்வப் பணி, வேலை அனுபவம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே "மிக முக்கியம்", "முக்கியம்", "கருத்தில் கொள்ளப்படும்", "கருத்தில் கொள்வதில்லை" என்ற நான்கில் ஒன்றைக் கல்லூரியே குறித்திருக்கும். நீங்கள் நினைத்திருக்கும் எட்டுப் பத்துக் கல்லூரிகளுக்கு இந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒரு மாலை வேளையில் முடிகிற வேலை. அதன்பிறகு அக்கம்பக்கத்துப் பேச்சு உங்களை அவ்வளவாக அசைக்காது.

இடம் குறைவாகவும் விண்ணப்பம் மிக அதிகமாகவும் உள்ள கல்லூரிகளில்தான் செயல்பாடுகளுக்கு எடை கூடுகிறது. காரணம் எளிது. அங்கே விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பகுதியினர் பாடத்தில் நன்றாகச் செய்தவர்கள். ஜிபிஏவை வைத்து மட்டும் அவர்களைப் பிரிக்க முடியாது. ஆனால் அந்தக் கல்லூரிகளிலும் முதலில் பார்க்கப்படுவது பாடம்தான். ஜிபிஏ சரிந்துகொண்டே இருக்கும்போது கிளப்புகளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

இரண்டாம் படி: விண்ணப்பத்தைப் படிக்கிறவர் எப்படிப் பார்க்கிறார்?

கல்லூரிகள் உள்ளே எப்படி மதிப்பிடுகின்றன என்பது பொதுவாக வெளியே தெரியாது. ஹார்வர்ட் மீது 2014-ல் தொடுக்கப்பட்டு, 2018-ல் பாஸ்டனில் விசாரிக்கப்பட்டு, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. மாணவரைச் சேர்ப்பதில் இனத்தைக் கணக்கில் கொள்வது பற்றிய வழக்கு அது. ஆனால் அதில் வெளிவந்த ஆவணங்கள், விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் பாடம், பாடப்புறம், விளையாட்டு, தனிப்பண்பு என்று தனித்தனியாக எண் போடுவதைக் காட்டின. 1 என்பதுதான் உயர்ந்தது.

பாடப்புறத்துக்கான எண்கள் கவனிக்கத்தக்கவை. தேசிய அளவில் பெயர் சொல்லும்படியான சாதனைக்கு 1. பள்ளியில் முக்கியப் பொறுப்பு, உள்ளூர் அல்லது வட்டார அளவில் அங்கீகாரம் என்றால் 2. ஒழுங்காகப் பங்கெடுத்தார், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் 3. அனேகமாக எதுவும் இல்லை என்றால் 4. பலருக்குத் தெரியாதது இதற்கு அடுத்து வருவது: 5 என்பது மோசமான மதிப்பெண் அல்ல. குடும்பப் பொறுப்பு, பள்ளி நாட்களில் செய்யும் வேலை என்று வழக்கமான கிளப்புகளுக்கு வெளியே நிறைய உழைக்கிற பிள்ளைக்கான எண் அது. பங்கெடுக்கவே முடியாத தனிச் சூழலில் இருக்கிறவருக்கு 6. வீட்டில் உழைக்கிற பிள்ளையைச் சும்மா இருந்த பிள்ளையோடு சேர்த்துவிடக் கூடாது என்றே இப்படிப் பிரித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பெரும்பாலும் விண்ணப்பத்தோடு பள்ளிக் கவுன்சிலர் அந்தப் பள்ளியைப் பற்றிய விவரத்தாளையும் அனுப்புகிறார். பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு, கல்லூரி அளவிலான ஏபி வகுப்புகள் எத்தனை உண்டு, எப்படிப்பட்ட பகுதி என்பதெல்லாம் அதில் இருக்கும். ரோபாட்டிக்ஸ் குழுவே இல்லாத பள்ளியில் படிக்கிற பிள்ளையிடம் ரோபாட்டிக்ஸை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கிடைத்த வாய்ப்பை வைத்து என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி.

மூன்றாம் படி: ஏற்கெனவே இருப்பதை எழுதிப் பாருங்கள்

புதிதாக எதிலும் சேர்வதற்கு முன்னால், பிள்ளையும் நீங்களும் உட்கார்ந்து இப்போது பள்ளி நேரத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். எது "ஆக்டிவிட்டி", எது இல்லை என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம்.

ஏராளமான கல்லூரிகள் பயன்படுத்தும் பொது விண்ணப்பம் காமன் ஆப். 1975-ல் 15 கல்லூரிகளோடு தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் உள்ளன. செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்க அது தரும் பட்டியலில் விளையாட்டு, நாடகம், அறிவியல், நடனம் என்பவற்றோடு "குடும்பப் பொறுப்புகள்", "சம்பளத்துக்குச் செய்யும் வேலை", "பண்பாடு", "சமயம்" என்பவையும் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியை டாக்டரிடம் அழைத்துப் போய் மொழிபெயர்ப்பது, அம்மா இரவு வேலைக்குப் போகும்போது தம்பிக்குச் சாப்பாடு கொடுத்து வீட்டுப்பாடம் பார்ப்பது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவது, கோவிலில் வாராவாரம் சமையலறை வேலை, தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி, வீட்டில் தானாகச் செய்து பார்த்த ஆப், யூடியூப் சேனல், துணி தைப்பது எல்லாமே எழுதத் தகுந்தவை. நம் வீடுகளில் "இதெல்லாம் வீட்டு வேலைதானே" என்று ஒதுக்கிவிடுகிறோம். வாரம் 12 மணி நேரம் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளை அதை எழுதாமல் விட்டால், படிக்கிறவருக்குத் தெரிவது வெற்றுக் கட்டம் மட்டும்தான். 2016-ல் ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியைச் சேர்ந்த ஒரு திட்டம், பல கல்லூரிச் சேர்க்கை அதிகாரிகளின் ஆதரவோடு வெளியிட்ட அறிக்கையிலும் இதே கருத்துதான்: எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைப் பாருங்கள், குடும்பத்துக்குச் செய்யும் பங்களிப்பையும் மதியுங்கள்.

இந்தியாவில் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அங்கே செய்ததையும் தாராளமாக எழுதலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாமே கணக்கில் சேரும், எந்த நாட்டில் என்பது பொருட்டல்ல. படிக்கிறவருக்கு என்சிசி என்றால் தெரியாமல் இருக்கலாம். "இந்திய அரசின் மாணவர் படைப் பயிற்சி" என்று ஒரு சொல் விளக்கம் சேர்த்துவிட்டால் போதும். ஹௌஸ் கேப்டன், ஸ்கூல் ப்யூப்பில் லீடர் போன்றவற்றுக்கும் இதேதான்.

விசா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹெச்-4 அல்லது எல்-2 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. வேலை அனுமதி பற்றி நீங்கள் கேள்விப்படுவதெல்லாம் கணவன் அல்லது மனைவிக்கானது. கோடையில் ஐஸ்க்ரீம் கடை வேலை, சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப், டியூஷன் எடுத்துக் காசு வாங்குவது எல்லாமே சிக்கலில் கொண்டுவிடும். லாப நோக்கமில்லாத அமைப்பில், யாரும் சம்பளம் வாங்காமல் செய்கிற தன்னார்வப் பணி என்றால் சரி. ஒரு கம்பெனியில் "சம்பளம் இல்லாமல்" வேலை செய்யலாமா என்ற கேள்வி வந்தால், செய்வதற்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். அரசு ஆய்வகங்களின் கோடைப் பயிற்சிகள் பலவும் குடிமக்களுக்கு அல்லது க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும்தான். பிள்ளை இரண்டு வாரம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியபிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை. தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். குடியுரிமை அல்லது க்ரீன் கார்டு உள்ள பிள்ளைகள் மத்தியச் சட்டப்படி 14 வயதிலிருந்து பெரும்பாலான சாதாரண வேலைகளுக்குப் போகலாம். பல மாநிலங்களில் அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நான்காம் படி: குறைவாகத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் போவது

ஒன்பதாம் வகுப்பில் நாலைந்து கிளப்புகளுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. தனக்கு எது ஒட்டும் என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும் அல்லவா? கீ கிளப் (சமூக சேவை), மாடல் யூஎன் (மாதிரி ஐ.நா. சபை), டெகா (வணிகம்), சயின்ஸ் ஒலிம்பியாட், பள்ளிப் பத்திரிகை, இசைக்குழு எதுவாகவும் இருக்கலாம். பத்தாம் வகுப்பு தொடங்கும்போது இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரே சோதனை போதும்: யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக எதற்கு நேரம் ஒதுக்குகிறது?

அடுத்து, ஆழம் என்றால் என்ன? கிளப்பின் தலைவர் பதவிதான் ஆழம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வழி மட்டும்தான், அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. திறமையில் மேலே போவது ஒரு வகை. பொறுப்பு கூடுவது ஒரு வகை. புதிதாக ஒன்றை உருவாக்கித் தருவது இன்னொரு வகை. நீ விலகிப்போனால் அங்கே ஏதாவது குறையும் என்ற நிலைக்கு வந்திருந்தால், பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஆழம்தான்.

நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது பரதநாட்டியமும் கர்நாடக இசையும் பற்றித்தான். "எல்லா இந்தியப் பிள்ளைகளும் இதைத்தான் போடுகிறார்கள், அதனால் மதிப்பில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி, பத்து ஆண்டு கற்ற கலையைப் பதினொன்றாம் வகுப்பில் நிறுத்திவிட்டுப் புதிதாக எதையோ தொடங்குகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. பத்து ஆண்டு ஒரு கலையில் நின்ற பிள்ளையிடம் ஒழுக்கமும் பொறுமையும் தானாகவே தெரியும். அரங்கேற்றம் என்ற ஒற்றைச் சொல் படிக்கிறவருக்கு எதுவும் சொல்லாது என்பது மட்டும் உண்மை. மேடையில் தனியாக இரண்டு மூன்று மணி நேரம் ஆடியது, அதற்கு முன் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, அதன்பிறகு அந்தக் கலையை வைத்து என்ன செய்தாய் என்பதுதான் சொல்லும். முதியோர் இல்லத்தில் மாதம் ஒருமுறை பாடுவது, குருவின் சின்ன வகுப்பை நடத்துவது, தன் பள்ளியின் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு ராகத்தை அறிமுகம் செய்து அவர்களோடு சேர்ந்து வாசிப்பது என்று கலை வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். அரங்கேற்றத்துக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது விண்ணப்பத்தில் எங்கும் வராது. சிறியதாகச் செய்தாலும் அதே மதிப்புதான். இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றுக்குச் சில கல்லூரிகள் ஸ்லைட்ரூம் என்ற தளம் வழியாகப் பதிவுகளையும் ஏற்றுக்கொள்கின்றன. நன்றாகச் செய்கிற பிள்ளை அந்த வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

கணிதத்தில் ஆர்வமென்றால் ஏஎம்சி 10, ஏஎம்சி 12 தேர்வுகள் இருக்கின்றன. 75 நிமிடத்தில் 25 கேள்விகள். நன்றாகச் செய்தால் ஏஐஎம்ஈ என்ற அடுத்த கட்டம். ப்ரோக்ராமிங் என்றால் யூஎஸ்ஏகோ என்ற போட்டி. கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே எழுதலாம், ப்ரான்ஸிலிருந்து ப்ளாட்டினம் வரை படிப்படியாக ஏறலாம். பள்ளியில் ரோபாட்டிக்ஸ் இல்லையென்றால் ஃபர்ஸ்ட் அமைப்பின் குழுக்கள் பள்ளிக்கு வெளியேயும் இயங்குகின்றன. நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ விசாரிக்கலாம். தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பல மாநிலங்கள் இரு மொழியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஹை ஸ்கூல் டிப்ளமாவில் "சீல் ஆஃப் பைலிட்டரசி" என்ற முத்திரை தருகின்றன. உங்கள் பள்ளி மாவட்டம் தமிழுக்கு எந்தத் தேர்வை ஏற்கிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

விளையாட்டு வீரராகக் கல்லூரி அணிக்குப் போக நினைப்பது முற்றிலும் வேறு பாதை. அதில் கோச்களோடு முன்கூட்டியே பேச்சு நடக்கும், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிகள் உண்டு. பிள்ளை அந்த அளவில் ஆடினால் பள்ளிக் கோச்சிடம் பத்தாம் வகுப்பிலேயே பேசத் தொடங்குங்கள்.

காசு கேட்கும் இடங்களில் நிதானம் வேண்டும். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நடக்கும் கோடை முகாம் என்பதால் மட்டும், அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர அது உதவாது. கட்டணம் கட்டினால் சேரலாம் என்ற நிலையில் உள்ள முகாமில் பிள்ளை நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். அதற்காக அனுப்பினால் சரி. விண்ணப்பத்துக்காக என்று கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். தேர்வு மிகக் கடுமையாக உள்ள சில திட்டங்கள் இலவசமாகவே நடக்கின்றன. எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற ஆய்வுப் பயிற்சி, டெல்யூரைட் அமைப்பின் கோடைக் கருத்தரங்குகள் அந்த வகை. அதேபோல, "உங்கள் பிள்ளை பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம்", "லாப நோக்கமற்ற அமைப்பு தொடங்கித் தருகிறோம்" என்று வருகிறவர்களிடமிருந்து விலகியே இருங்கள். பெயருக்குத் தொடங்கி ஒரு வெப்சைட்டோடு நிற்கும் அமைப்பைவிட, ஊரில் ஏற்கெனவே இயங்கும் உணவு வங்கியில் மூன்று ஆண்டு சனிக்கிழமை காலையில் மூட்டை தூக்கியது எவ்வளவோ மேல்.

பதினொன்றாம் வகுப்பில்தான் வந்தீர்களா? பயப்பட வேண்டாம். ஊரில் செய்ததில் எது இங்கே தொடர முடியுமோ அதைத் தொடருங்கள். புதிதாக ஒன்று மட்டும் போதும். நாடு மாறி, பள்ளி மாறி வந்த கதையைக் கூடுதல் தகவல் பகுதியில் சில வரிகளில் எழுதலாம். கவுன்சிலரிடமும் சொல்லி வையுங்கள்; அவர் கடிதத்தில் அது இடம்பெறும்.

ஐந்தாம் படி: கணக்கு வைப்பது

ஒரு கூகுள் ஷீட் திறந்து, செயல்பாடு, தொடங்கிய மாதம், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம், என்ன செய்தேன், யார் மேற்பார்வை என்று எழுதி வரச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டில் உட்கார்ந்து மூன்று ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றால் பாதி விட்டுப்போகும், மீதி ஊகமாக இருக்கும்.

ஆறாம் படி: விண்ணப்பத்தில் எழுதுவது

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ல் புதிய சுற்றுக்குத் திறக்கும். அதில் அதிகபட்சம் 10 செயல்பாடுகள். ஒவ்வொன்றிலும் பொறுப்பு அல்லது பதவிக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100 எழுத்து, என்ன செய்தாய் என்பதற்கு 150 எழுத்து. இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும். ஆங்கிலத்தில் 20, 25 சொற்களுக்குள் முடிந்துவிடும். விருதுகளுக்குத் தனியாக 5 இடம் உண்டு. பத்தையும் நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு உண்மையான வரிகள் போதும். எண்ணிக்கைக்காகச் சேர்த்த நான்கு வரிகள் அந்த ஆறின் பலத்தைக் குறைத்துவிடும்.

வரிசையை நீங்களே தீர்மானிக்கலாம். பிள்ளைக்கு மிக முக்கியமானது மேலே வரட்டும். அடுத்து எழுதும் விதம். தமிழ்ப் பள்ளியில் உதவுகிற ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "ஒவ்வொரு வாரமும் ஆசிரியருக்கு உதவினேன். குழந்தைகளுக்குக் கற்றுத்தருவது எனக்கு மிகவும் பிடிக்கும். நிறையக் கற்றுக்கொண்டேன்." இதில் படிக்கிறவர் பார்க்க ஒன்றுமே இல்லை. அதையே, "முதல் நிலையில் 14 குழந்தைகள், உயிர்மெய் எழுத்துக்கு 30 விளையாட்டு அட்டைகள் செய்தேன், இப்போது 3 வகுப்புகளில் பயன்படுகின்றன" என்று எழுதினால் ஆள் கண்ணுக்குத் தெரிகிறாள். "நான்" என்ற சொல்லே தேவையில்லை; வினைச்சொல்லில் தொடங்கி எண்ணோடு, விளைவோடு முடியுங்கள். அமைப்பின் பெயரும் பதவியும் ஏற்கெனவே தனிக் கட்டங்களில் இருக்கின்றன, அவற்றை 150 எழுத்துக்குள் மறுபடி எழுதி வீணாக்க வேண்டாம்.

மணிக்கணக்கில் கவனம். வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, பள்ளிக்குச் சுமார் 35 போனால் மிஞ்சுவது 77. அதற்குள்தான் வீட்டுப்பாடம், சாப்பாடு, பயணம் எல்லாம். பத்துச் செயல்பாட்டுக்கும் வாரம் 10 மணி என்று போட்டால் கூட்டுத்தொகை 100. படிக்கிறவர் உடனே நிறுத்திவிடுவார். பருவகால விளையாட்டு என்றால், "வாரம் 12 மணி, ஆண்டுக்கு 10 வாரம்" என்று அந்தப் பருவத்தை மட்டும் எழுதுங்கள்.

யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் காமன் ஆப்பில் இல்லை. அதற்குத் தனி விண்ணப்பம். ஒரே விண்ணப்பத்தில் இளங்கலைப் படிப்பு உள்ள ஒன்பது வளாகங்களுக்கும் போடலாம். சமர்ப்பிக்கும் காலம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. சில ஆண்டுகளில் கடைசி நாள் ஓரிரு நாள் தள்ளிப்போகும். அங்கே விருது, தன்னார்வம், வேலை உட்பட ஆறு வகைகளில் மொத்தம் 20 இடம், விவரத்துக்கு 350 எழுத்து. வழக்கமாகப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை என்பதால் பிள்ளை எழுதுவதே முழுச் சாட்சி. சுருக்கக் குறியீடுகளைத் தவிர்த்து, முழு வாக்கியமாக, தெளிவாக எழுதுங்கள். எம்ஐடிக்கும் தனி விண்ணப்பம்தான். அங்கே நான்கு செயல்பாடுகளுக்கு மட்டுமே இடம். இருபது எழுத வேண்டியதும் நான்கு மட்டும் எழுத வேண்டியதும் ஒரே பிள்ளைதான் என்பதால், எது முக்கியம் என்ற முடிவைக் கோடையிலேயே எடுத்து வைப்பது நல்லது.

கட்டுரையில் செயல்பாட்டுப் பட்டியலை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் 150 எழுத்தில் அடங்காத ஒரு விஷயத்தைப் பற்றி வேண்டுமானால் கட்டுரை எழுதலாம். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கும் கவுன்சிலருக்கும் இந்தப் பட்டியலை ஒரு பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் கவுன்சிலருக்கு அது பெரிய உதவி.

உண்மையை மட்டும் எழுதுவது

2019-ல் அமெரிக்காவை உலுக்கிய வர்சிட்டி ப்ளூஸ் என்ற கல்லூரிச் சேர்க்கை மோசடி வழக்கில், ஆடாத விளையாட்டை ஆடியதாகக் காட்டிப் பொய்ப் புகைப்படம் வரை தயாரித்தார்கள். பெற்றோர் பலர் சிறைக்குப் போனார்கள். அவ்வளவு பெரிய பொய் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 3 மணியை 8 என்று எழுதுவது, உறுப்பினரை "இணை நிறுவனர்" ஆக்குவது என்ற சின்னத் தூண்டுதல்கள் எல்லா வீட்டிலும் வரும். யூசி ஆண்டுதோறும் சில விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்கிறது. செயல்பாடுகளும் அதில் அடங்கும். காமன் ஆப்பில் எல்லாம் உண்மை என்று பிள்ளை கையொப்பமிட வேண்டும். பொய் தெரிந்தால் கொடுத்த இடத்தையே கல்லூரி திரும்பப் பெறலாம். அதைவிட, 17 வயதில் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைக் கூட்டச் சொல்வதைப் பிள்ளை மறக்காது. நம் பங்கு தட்டெழுத்துப் பிழை பார்ப்பது, மணிக்கணக்கு சரியா என்று கேட்பது, அவ்வளவுதான். எழுதுவது பிள்ளையாகவே இருக்கட்டும்.

அனுப்பியபிறகு

முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, வழக்கமானவற்றுக்கு ஜனவரி தொடக்கம் கடைசி நாள். அனுப்பிய மறுநாளே எல்லாக் கிளப்பையும் விட்டுவிடுவது பன்னிரண்டாம் வகுப்பில் அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பத்தில் "இந்த ஆண்டும் செய்கிறேன்" என்று எழுதியதை அந்த ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும். முன்கூட்டிய முடிவு டிசம்பரில் "தள்ளிவைக்கப்பட்டது" என்று வந்தால், பல கல்லூரிகள் புதிய தகவலோடு ஒரு சிறு கடிதத்தை ஏற்றுக்கொள்ளும். சில ஏற்றுக்கொள்வதில்லை. கல்லூரி கொடுத்திருக்கும் போர்ட்டலில் அது என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். அனுமதி இருந்தால் ஒரு பக்கத்துக்குள், செப்டம்பருக்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதி, பள்ளியின் இடைப்பருவ மதிப்பெண் போகும்போதே ஜனவரி கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.